சீல் பிரித்தால் ரிட்டன் கிடையாது: 5,200 ரூபாய்க்கு வாங்கிய போலித் தட்டு

திருநெல்வேலி, பாளையங்கோட்டை, தென்காசி வட்டாரத்தில் ஜாஸ் இசைத்தட்டு வாங்குகிறவர்களை எல்லாம் கூட்டினால் ஒரு வேன் நிறையுமா என்பது சந்தேகம்தான். அந்த ஒரு வேன் ஆட்களையும் நம்பி ஒருவர் கடை போட்டிருக்கிறார் என்றால் ஆச்சரியமாக இல்லையா? எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஜங்ஷன் பக்கம் ஒரு சந்து, மாடியில் ஒரு அறை, சுவர் முழுக்கத் தட்டுகள். கடைப் பெயரை இப்போது போடவில்லை. புகார் கொடுத்திருக்கிறேன், அது ஒரு வழிக்கு வரட்டும். ஏமாந்த விதத்தை மட்டும் சொல்கிறேன்.

என் அப்பா காருகுறிச்சி அருணாசலத்தின் நாகஸ்வரத் தட்டுகளைக் கைக்குழந்தை மாதிரி வைத்துப் பார்த்துக்கொண்டவர். அவர் போன பிறகு தட்டுகளும் பிளேயரும் என்னிடம் வந்தன. பிளேயர் பழுதாகி வேறு வாங்கினேன். தட்டுகள் இன்னும் அப்படியே இருக்கின்றன. ஜாஸ் பக்கம் என்னை இழுத்துவிட்டது ஷார்ஜாவில் இருக்கும் எங்கள் அத்தான். "நாகஸ்வரம் கேக்கிற காதுக்கு சாக்ஸபோன் புடிக்காமப் போகாது மாப்ள" என்று அவர்தான் ஜான் கோல்ட்ரேனை அறிமுகம் செய்தார். புடித்துத்தான் போயிற்று.

நான் தேடியது கோல்ட்ரேனின் 'ப்ளூ ட்ரெயின்' என்ற இசைத்தட்டு. 1957 செப்டம்பர் 15-ஆம் தேதி, நியூ ஜெர்சியில் ஹேக்கன்சாக் என்ற ஊரில், ரூடி வான் கெல்டர் என்ற ஒலிப்பதிவாளரின் பெற்றோர் வீட்டு வரவேற்பறையில் பதிவானது. வான் கெல்டருக்கு அப்போது பகல் வேலை கண் பரிசோதனை. மிச்ச நேரத்தில்தான் ஒலிப்பதிவு. டிரம்பெட் வாசித்த லீ மார்கனுக்கு வயது 19. இதன் மறுபதிப்புகளில் நல்ல பெயர் வாங்கியது ப்ளூ நோட் நிறுவனத்தின் 'டோன் பொயட்' தொடரில் 2022-இல் வந்த மோனோ தட்டு, அதாவது இரண்டு ஸ்பீக்கரிலும் ஒரே ஒலி வரும் தட்டு. கெவின் கிரே என்பவர் பழைய மூல நாடாவை ஓடவிட்டு, நடுவில் கணினியே இல்லாமல் அச்சுக்கான பள்ளங்களை நேராக வெட்டியது, கலிஃபோர்னியாவில் அச்சானது.

அந்தத் தட்டு, சீல் பிரிக்காமல், அந்த மாடி அறையில் இருந்தது. விலை 5,200.

"டேப்புல இருந்து நேரா வெட்டுனதுலா அண்ணாச்சி. நூத்தியெண்பது கிராம். கேட்டுப் பாக்கேளா?" என்றார் கடைக்காரர். அவரிடம் பிரித்த தட்டு ஒன்று தனியாக இருந்தது. அதைப் போட்டுக் காட்டினார். முதல் பாட்டில் மூன்று ஊதுகருவிகளும் சேர்ந்து அந்தக் கனத்த சுரங்களை எடுத்தபோது எனக்குப் பேரம் பேசவே வாய் வரவில்லை. பணத்தை யு.பி.ஐ.யில் போட்டேன். சீல் பிரிக்காததை உறையில் வைத்துக் கொடுத்துவிட்டு, வாசல்வரை வந்து, "சீல் பிரிச்சா மட்டும் ரிட்டன் கெடையாது, பாத்துக்கிடுங்க" என்றார். பழைய தட்டு என்றால் திருப்பித் திருப்பிப் பார்த்துதான் வாங்குவேன். புதிதுக்கு என்ன பார்ப்பது என்று நினைத்துவிட்டேன். அவர் போட்டுக் காட்டிய தட்டும் என் கையில் கொடுத்த தட்டும் ஒன்றா என்று கேட்க எனக்குத் தோன்றவே இல்லை.

வீட்டில் போட்டதும் முதலில் சந்தேகப்பட்டது என் பிளேயரைத்தான். டிரம்ஸில் தாளம் போடும் அந்தப் பெரிய சிம்பலின் ஒலி வெண்கலம் மாதிரி இல்லை. அப்பளத்தை உள்ளங்கையில் வைத்து நொறுக்கினால் வருமே, அந்தச் சத்தம். பியானோவில் நீண்டு நிற்கும் சுரங்கள் லேசாக ஏறி இறங்கின. இரண்டாவது பாட்டின் நடுவில் வலது பக்கம் மட்டும் துணி கிழிவது போல ஒரு 'சர்ர்ர்'. ஊசியைத் துடைத்தேன். ஊசி அழுத்தத்தைச் சின்னத் தராசில் வைத்துப் பார்த்தேன். இரண்டு கிராம், சரியாகத்தான் இருந்தது. அப்பாவின் காருகுறிச்சித் தட்டைப் போட்டேன். அத்தனை வருடப் பொரிச்சத்தத்துக்கு நடுவிலும் சீவாளி நனைந்திருக்கிறதா காய்ந்திருக்கிறதா என்று சொல்லிவிடலாம் போல இருந்தது. அப்போ பிளேயரில் குற்றமில்லை.

மறுபடி அந்தத் தட்டைப் போட்டு, இந்த முறை கேட்காமல் பார்த்தேன். ஊசி பிடிக்கும் கை தொட்டில் மாதிரி இடதும் வலதுமாக ஆடிக்கொண்டிருந்தது. நடுத் துளை மையத்தில் இல்லை. நிமிடத்துக்கு முப்பத்து மூன்றேகால் சொச்சம் சுற்று என்றால் ஒரு சுற்றுக்கு 1.8 விநாடி, பியானோவும் அதே கணக்கில்தான் ஏறி இறங்கியது. அந்தக் கிழிசல் சத்தம், அச்சில் பிளாஸ்டிக் பள்ளத்தின் விளிம்புவரை போய் நிரம்பாததால் வருவது. இந்த இரண்டு குறைகளும் நல்ல ஆலைத் தட்டுகளிலும் எப்போதாவது வரும், அதைச் சொல்லிவிட வேண்டும். இவற்றை மட்டும் வைத்துப் போலி என்று சொல்ல முடியாது.

சாயங்காலம் அல்வா வாங்கப் போனபோது தட்டையும் எடுத்துக்கொண்டு போனேன். கடையில் கூட்டம் குறைந்ததும், தராசில் ஒரு தடவை வைத்துப் பார்க்கலாமா என்று கேட்டேன். அல்வாக் கடைக்காரர் ஒரு வாழையிலைத் துண்டைப் போட்டு, அதன்மேல் தட்டை வைத்தார். "நூத்து முப்பத்தெட்டு காட்டுது. எல போவ நூத்து முப்பத்தஞ்சு வச்சுக்கிடுங்க. இது என்ன அண்ணாச்சி, தோசக்கல்லா?" உறையிலோ கொட்டை எழுத்தில் 180 கிராம். 

எடை கூடினால் ஒலி நன்றாக இருக்கும் என்று நம்புகிறவர்கள் நிறைய உண்டு. அது சும்மா. பள்ளம் இருப்பது தட்டின் மேல்தோலில்; அடியில் எவ்வளவு பிளாஸ்டிக் இருக்கிறது என்பது ஊசிக்குத் தெரியாது. கனமான தட்டு சுலபமாக வளையாது, அவ்வளவுதான். 120 கிராமில் அருமையான தட்டுகள் உண்டு. ஆனால் 180 என்று அச்சடித்துவிட்டு 135 கொடுக்கிறவர், டேப் விஷயத்தில் மட்டும் உண்மை சொல்லியிருப்பாரா?

அன்று இரவு டார்ச் அடித்து, கடைசிப் பாட்டுக்கும் லேபிளுக்கும் நடுவே இருக்கும் வழவழப்பான வளையத்தைப் பார்த்தேன். தட்டுக்கு அடையாள அட்டை அதுதான். வெட்டியவர் தன் குறியை அங்கே போடுவார். பழைய ப்ளூ நோட் தட்டுகளில் வான் கெல்டரின் பெயரோ ஆர்.வி.ஜி. என்ற எழுத்துகளோ முத்திரையாகப் பதிந்திருக்கும். கெவின் கிரே வெட்டியதில் கே.பி.ஜி. என்று கையால் கீறியிருக்கும். என் தட்டில் ஒரு எண், ஒரு கோடு, இன்னொரு எண். வேறு ஒரு கீறலும் இல்லை. லேபிளில் இருந்த சின்ன எழுத்துகளும் நகலெடுத்ததை மறுபடி நகலெடுத்தது போலக் கசங்கியிருந்தன.

அப்புறம் இன்னொன்று தோன்றியது. உறையில் மோனோ என்று போட்டிருக்கிறது. இடது ஸ்பீக்கர் கம்பியைப் பிடுங்கிவிட்டுக் கேட்டேன், பிறகு அதை மாட்டி வலதைப் பிடுங்கினேன். மோனோ என்றால் இரண்டும் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். இதில் ஒவ்வொரு பக்கமும் ஒவ்வொரு விதமாக இருந்தது. எங்கிருந்தோ ஸ்டீரியோ கோப்பை இறக்கி, மோனோ உறைக்குள் போட்டிருக்கிறார்கள்.

எங்கிருந்து இறக்கியிருப்பார்கள் என்பதை அக்கா மகன் கண்டுபிடித்தான். எஞ்சினியரிங் படிக்கிறான். பிளேயரை மடிக்கணினியில் இணைத்து, ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் பதிவு செய்து, ஒலியைப் படமாக விரித்துக் காட்டினான். கனத்த ஒலி கீழே, கீச்சொலி மேலே. "மாமா, இங்க பாருங்க. பதினாறாயிரம் ஹெர்ட்ஸுக்கு மேல ஆளே இல்ல." வாழைத்தாரை அரிவாளால் சீவியது போல இசை ஒரே நேர்கோட்டில் நின்றுவிட்டது, அதற்கு மேலே தட்டின் உராய்வுச் சத்தம் மட்டும் தூசி மாதிரி. சி.டி. என்றால் 22,000 வரைக்கும் இடம் இருக்கும். பதினாறாயிரத்தில் இப்படிச் சீவிவிடுவது மலிவான எம்பி3-யின் வேலை. ஐம்பது தாண்டிய என் காதுக்குப் பதினாறாயிரம் எங்கே கேட்கப் போகிறது என்று நீங்கள் நினைக்கலாம். எம்பி3 மேலே மட்டும் வெட்டுவதில்லை. காதுக்குத் தெரியாது என்று கணக்குப் போட்டு உள்ளேயும் ஆங்காங்கே சுரண்டும். அப்பளம் நொறுங்கியது அங்கேதான்.

பொங்கலுக்கு அத்தான் வந்தபோது தன்னுடைய அசல் தட்டைக் கொண்டுவரச் சொன்னேன். இரண்டையும் ஒரே பிளேயரில் மாற்றி மாற்றிப் போட்டோம். முதல் தடவை என் தட்டுதான் துடிப்பாக இருந்தது. எனக்கே குழப்பம். அத்தான் சத்தத்தைக் குறைக்கும் குமிழைத் திருகி, "இப்பக் கேளு" என்றார். போலித் தட்டை உரக்க அடித்திருக்கிறார்கள். உரக்கக் கேட்பது எப்போதும் நல்லதாகத்தான் தோன்றும். இரண்டையும் ஒரே சத்தத்துக்குக் கொண்டுவந்த பிறகு பேச்சே இல்லை.

பால் சேம்பர்ஸ் வாசித்த பாஸ் என்ற பெரிய நரம்புக் கருவியில்தான் எனக்குப் பெரிய வித்தியாசம். என் தட்டில் அது 'தும் தும்' என்று ஒரே மாதிரி. அசலில் விரல் நரம்பைக் கொத்துவது தனியாகவும், பிறகு மரம் முனகுவது தனியாகவும் கேட்கிறது. தவிலில் வலது கை விரல்கூடும் இடது கைக் குச்சியும் தனித்தனியாகக் கேட்குமே, கோயில் கொடைக்கு முன்வரிசையில் நின்று கேட்டவர்களுக்குப் புரியும். லீ மார்கன் மெதுவாக ஆரம்பித்து ஓங்கும் இடத்தில், என் தட்டில் மெதுவும் இல்லை, ஓங்கலும் இல்லை. எல்லாம் ஒரே உயரம். அசலில் அவர் ஓங்கும்போது நான் நாற்காலியில் கொஞ்சம் பின்னால் போனேன். பியானோ மட்டும் அசலிலும் ஒரு பெட்டிக்குள் இருந்து வருவது போலத்தான் இருக்கிறது. வான் கெல்டரின் பியானோ பற்றி அந்தக் குறை உலகம் முழுக்க உண்டு. என் காதுக்கும் அப்படித்தான்.

இதையெல்லாம் சொல்வதால் டிஜிட்டல் என்றாலே மட்டம் என்று நான் சொல்வதாக நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் மொபைல் ஃபிடெலிட்டி என்ற நிறுவனத்தின் விலையுயர்ந்த தட்டுகள் பலவற்றில் நடுவே ஒரு டிஜிட்டல் படி இருந்தது 2022-இல்தான் வெளியே வந்தது. வழக்குவரை போயிற்று. அதுவரை அவற்றை நாடாவிலிருந்து நேராக வந்த ஒலி என்று மெச்சிய பெரிய காதுகள் ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை. அத்தானிடமே 'ப்ளூ ட்ரெயின்' தட்டின் மலிவான ஐரோப்பியப் பதிப்பு ஒன்று இருக்கிறது. ஐரோப்பாவில் 1962 வரை வெளியான ஒலிப்பதிவுகளுக்கு உரிமைக் காலம் முடிந்துவிட்டதால், மூல நாடாவைக் கண்ணால் பார்க்காதவர்களும் சி.டி.யிலிருந்து தட்டு போட்டு விற்கலாம். அந்தத் தட்டு கேட்க மோசமில்லை, விலையும் குறைவு, உறையில் பொய்யும் இல்லை. நம் நாட்டிலும் ஒலிப்பதிவு உரிமை வெளியான பிறகு 60 ஆண்டுதான். யாரோ தட்டு போட்டதில் எனக்குக் கோபம் இல்லை. அடுத்தவன் உறையையும் முத்திரையையும் நகலெடுத்து, அடுத்தவன் விலைக்கு விற்றதில்தான் கோபம்.

தட்டை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். பார்த்ததுமே அவருக்குப் புரிந்துவிட்டது. "சீல் பிரிச்சிட்டியளே அண்ணாச்சி!" என்றார், நான்தான் தப்பு செய்தது போல.

"பிரிக்காம எப்படிக் கேக்கதுவே?"

அன்று போட்டுக் காட்டிய தட்டைக் கொஞ்சம் எடுங்கள், இரண்டின் லேபிள் ஓரத்து வளையத்தையும் பார்ப்போம் என்றேன். அது விற்றுப்போய்விட்டதாம். பிறகு, என் பிளேயர் சரியில்லை என்றார். பிறகு, ஊசி சரியில்லை என்றார். பிறகு, 2,000 ரூபாய்க்கு வேறு ஏதாவது எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். சுவரைப் பார்த்தேன், எடுக்க மனசு வரவில்லை. பில்லை நீட்டினேன். அதை இப்போதுதான் நானும் சரியாகப் படித்தேன்: வெள்ளைத் தாளில் 'எல்.பி. 1 — 5,200'. தட்டின் பெயர் இல்லை, பதிப்பு இல்லை, ஜி.எஸ்.டி. எண் இல்லை. அந்தத் தாளை வைத்துக்கொண்டுதான் நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசிப் புகார் பதிந்திருக்கிறேன். யு.பி.ஐ. ரசீது, தராசில் எடை காட்டிய படம், அக்கா மகன் எடுத்த ஒலிப் படம் எல்லாம் கைவசம் உண்டு.

நீங்கள் அங்கே போனால், அல்லது இதே மாதிரி வேறு எங்கே போனாலும், பணம் கொடுக்கும் முன் அவர் கையாலேயே சீலைப் பிரிக்கச் சொல்லுங்கள். லேபிள் ஓரத்து வளையத்தை டார்ச் அடித்துப் பாருங்கள். அங்கே இருக்க வேண்டிய குறி என்ன என்று இணையத்தில் முன்பே பார்த்து எழுதிக்கொண்டு போங்கள். யார் வெட்டியது, எதிலிருந்து வெட்டியது என்று கேளுங்கள்; 'ஆடியோஃபைல்', 'ரீமாஸ்டர்' என்று பதில் வந்தால் அது பதில் இல்லை. பில்லில் முழுப்பெயரும் எழுதி வாங்குங்கள். பிரிக்க மாட்டேன் என்று சொன்னால் கீழே இறங்கி ஒரு டீ குடித்துவிட்டு வீட்டுக்கு வந்துவிடுங்கள்.

நேற்று அவருடைய வாட்ஸப் ஸ்டேட்டஸில் அதே உறை, அதே சீல். '2 மட்டுமே உள்ளது' என்று போட்டிருக்கிறார். விலை 5,500.