மலேசியாவுல இருக்க லங்காவி தீவுக்கு டூர் போறவிய காசு கட்டுறதுக்கு முன்னாடி இத படிங்க, எனக்கு 23,400 ரூபாய் போச்சு

முந்தாநாள் ராத்திரிதான் திருவனந்தபுரம் ஏர்போர்ட்ல எறங்கி தக்கலைக்கு வந்து சேர்ந்தோம். நேத்தும் இன்னிக்கும் பஸ் புடிச்சு நாகர்கோவில் போய் டூருக்கு காசு வாங்குன டிராவல்ஸ் கடைல சண்டை போட்டுட்டு வந்து எழுதுறேன், கை இன்னும் நடுங்குது.

இவியளுக்கு, அதான் எங்க வீட்டுக்காரருக்கு, லங்காவில 3 நாள் கான்ஃபரன்ஸ். ரூம் அவியளே குடுத்துட்டாவ, என் பிளைட் டிக்கெட் மட்டும் நம்ம செலவுன்னதால நானும் வாரேன்னு கிளம்புனேன். இவிய காலைல 8 மணிக்கு போனா சாயங்காலம்தான் வருவாவ, அதுவரை தனியா சுத்திப் பாக்கணும், பாஷை தெரியாத ஊரு, அதனாலதான் ஒரு ஏற்பாட்டோட போவோம்னு அந்த கடைக்கு போனேன். அங்க இருந்த பையன் உக்கார வச்சு டீ வாங்கி குடுத்து, "அக்கா, நானும் தக்கலை பக்கம்தான், எங்க அக்கா தனியா போனா எப்படி பாப்பேனோ அப்படி பாத்துக்கிடுதேன், அங்க நம்ம டிரைவர் தமிழ் பேசுவாரு"ன்னான். அந்த ஒரு வார்த்தைலதான் நான் விழுந்தது. தமிழ் பேசுற டிரைவர்னதும் எனக்கு பாதி பயம் போயிட்டு. ரெண்டு நாள் கார், கேபிள் கார், ஸ்கை பிரிட்ஜ், கிலிம் சதுப்புநிலக் காட்டுக்கு தனி போட், தீவு சுத்துறது எல்லாம் சேத்து 23,400. கடை அக்கவுண்ட்ல போட்டா வரி கூட வரும், என் நம்பருக்கு ஜிபே பண்ணுங்கன்னான், பண்ணிட்டேன். ஒரு வருஷமா சீட்டு கட்டி எடுத்த காசு. கியூஆர் கோடு போட்ட வவுச்சர் வாட்ஸ்அப்ல வந்துச்சு, பாக்க அச்சு அசலா இருந்துச்சு.

மொத நாள் 9 மணிக்கு லாபில நிக்கேன், கார் இல்ல. அங்க 9னா நம்மூர்ல காலைல ஆறரை, போன் எடுக்கல. 11 மணிக்கு எடுத்து, "டிரைவர் வந்துட்டே இருக்காரு அக்கா"ன்னான். 12க்கும் அதேதான். பொறவு நானே கிராப் ஆப்ல டாக்சி புடிச்சு கேபிள் கார் ஏறுற இடத்துக்கு போனேன். கவுண்டர்ல கோடை ஸ்கேன் பண்ணா எடுக்கல, அந்த பொண்ணு மூணு தடவை பாத்துட்டு இப்படி ஒரு புக்கிங்கே சிஸ்டத்துல இல்லன்னு சொல்லிட்டு. பின்னால வரிசை நிக்குது, எனக்கு கண்ணு கலங்கிட்டு. நம்ம கன்னியாகுமரி கண்ணாடிப் பாலம் 77 மீட்டர், ஸ்கை பிரிட்ஜ் 125 மீட்டர், மலை உச்சில வளைஞ்சு நிக்குது, அதப் பாக்கத்தான் அவ்வளவு ஆசையா போனேன். கைல இருந்த ரிங்கிட்ட, அதான் மலேசியா காச, அங்க செலவழிக்க பயந்து கீழ நின்னு பாத்துட்டு திரும்பிட்டேன். இவியட்ட மறுநாள் ராத்திரிதான் சொன்னேன், அன்னைக்கு கான்ஃபரன்ஸ்ல பேப்பர் வாசிக்கணும், டென்ஷன் ஆவாவன்னு.

அடுத்த நாள் பந்தாய் செனாங் கடற்கரைல நேரா போய் கேட்டா, எல்லாரோடயும் சேந்து போற தீவு போட் ஆளுக்கு 40 ரிங்கிட்தான். நம்ம காசுக்கு ஆயிரம் கூட வராது. தயாங் பந்திங் தீவுல கடல் ஓரத்துலயே நல்ல தண்ணி ஏரி கெடக்கு, அதயும் பாத்தேன். குளச்சல் துறைமுகத்துல மீன் பொறுக்க வருமே அதே செம்பருந்து அங்கயும் வட்டம் போடுது, ஆளுக எல்லாம் போட்டோ எடுக்காவ, எனக்கு மனசு 23,400லயே கெடந்துச்சு.

இப்ப கடைல என்ன சொல்லுதாவ தெரியுமா? நேத்து, "ஓனர் வெளியூர் போயிருக்காவ". போன்ல கேட்டா, காத்து அடிச்சு கேபிள் கார் நின்னா ரீஃபண்ட் கிடையாதாம். அன்னைக்கு கேபிள் கார் ஓடுனத நான் கண்ணால பாத்தேன்! இன்னிக்கு போனா அந்த பையன் இப்ப இங்க வேலை பாக்கலையாம், தனி நம்பருக்கு போட்ட காசுக்கு கடை பொறுப்பு இல்லையாம். அவன் உக்காந்த அதே நாற்காலில வேற ஒரு ஆள் இருந்துட்டு இத சொல்லுதான். வாட்ஸ்அப்ல ப்ளூ டிக் விழுது, பதில் இல்ல.

போறவிய என்ன பாக்கணும்னு விவரமா எழுதத்தான் உக்காந்தேன், இப்ப முடியல. தனி ஆள் நம்பருக்கு ஜிபே பண்ணாதீங்க. பில் இல்லாம ஒத்த பைசா குடுக்காதீங்க. மலேசியா டிஜிட்டல் அரைவல் கார்டு, அதான் அங்க போறதுக்கு முன்னாடி ஆன்லைன்ல நிரப்புற ஃபார்ம், அரசாங்க சைட்ல ஃப்ரீ, அதுக்கும் அவன் 1,500 இந்த 23,400ல சேத்து வாங்கிருக்கான். ஏமாந்தா அன்னைக்கே சைபர் கிரைம் நம்பர் 1930க்கு போன் போடுங்க, நான் ஊருக்கு வந்துதான் போட்டேன்.

திங்கக்கிழமை மறுபடி போறேன், இவியளும் லீவு போட்டுட்டு வாராவ. ஜிபே ஸ்கிரீன்ஷாட், வவுச்சர் எல்லாம் பிரிண்ட் எடுத்து வச்சாச்சு.