நேட்டால் போன முன்னோரைத் தேடித் தருகிறோம் என்று 18,500 ரூபாயைச் சுருட்டினார்கள்

சூடு ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். கோர்வையாக வராவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். கப்பலேறிப் போன முன்னோர்களைப் பழைய ஆவணங்களில் தேடித் தருவதாகச் சொல்லும் ஒரு இணையச் சேவை என்னிடம் 18,500 ரூபாய் வாங்கிக்கொண்டு போலிக் காகிதங்களைக் கொடுத்திருக்கிறது. புகார் கொடுத்திருப்பதால் இப்போதைக்குப் பெயர் போட வேண்டாம் என்று தெரிந்த வக்கீல் சொல்லிவிட்டார். அவர்கள் வேலை செய்யும் விதத்தைப் படித்தாலே பலருக்கு ஆள் யாரென்று தெரிந்துவிடும். இந்தத் தேடலில் இறங்குபவர்கள் எப்படித் தேட வேண்டும் என்பதையும் கடைசியில் விவரமாக எழுதுகிறேன்.

என் கொள்ளுத்தாத்தாவின் பெரியப்பா வட ஆற்காட்டிலிருந்து நேட்டாலுக்கு, அதாவது தென்னாப்பிரிக்காவில் டர்பன் துறைமுகம் இருக்கும் பகுதிக்கு, கரும்புத் தோட்ட வேலைக்குப் போனவர். தாது வருஷப் பஞ்சத்துக்கு (1876-78) முன்னாலேயே போய்விட்டார் என்று பாட்டி சொல்வார். அதற்கு மேல் யாருக்கும் எதுவும் தெரியாது. அப்பாவுக்கு எண்பதைத் தாண்டிவிட்டது. அந்தக் கிளை அங்கே தழைத்ததா, அற்றுப்போனதா என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்பது அவருக்கு வெகுநாள் ஆசை. முன்னோரைத் தேடுபவர்கள் ஒருவருக்கொருவர் கேட்டுச் சொல்லிக்கொள்ளும் ஒரு குழுவில் விவரத்தை எழுதிப்போட்டேன். ஊர், தாலுகா, குலதெய்வம், அவருடைய அப்பா பெயர், பாட்டி சொன்ன பஞ்சக் கதை எல்லாவற்றையும்தான். அப்படி எழுதினால்தானே தெரிந்தவர்கள் அடையாளம் கண்டு சொல்ல முடியும்? அதற்காகத்தானே குழு?

அன்று இரவே அந்தச் சேவையைச் சேர்ந்த ஒருவன் கூப்பிட்டான். "அண்ணா, எங்க பாட்டனாரும் உங்க பக்கத்து ஊர்லேர்ந்து கப்பலேறினவர்தான். உங்க குடும்பத்தை எங்க குடும்பமா நினைச்சுத்தான் பேசறேன்" என்றான். பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அப்பாவிடம் போனைக் கொடுக்கச் சொன்னான். "பெரியப்பா, உங்க கண்ணு முன்னாலேயே அவங்க வாரிசுகளைக் கொண்டுவந்து நிறுத்தறேன்" என்றான். அப்பா கண் கலங்கிவிட்டார். அந்தக் குரலை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

மறுநாள் ஒரு படம் அனுப்பினான். பழுப்பேறிய பதிவேட்டுப் பக்கம். முழுவதையும் மங்கலாக்கி, ஒரே ஒரு வரியை மட்டும் தெளிவாக விட்டிருந்தான். அதில் எங்கள் ஊர்ப் பெயர், ஆங்கிலத்தில், பழைய சாய்வெழுத்தில். "பக்கம் கிடைச்சிடுச்சு அண்ணா, முழு நகலுக்கு ஆவணக் காப்பகக் கட்டணம் 6,500 கட்டணும்." கட்டினேன். சில நாள் கழித்து, "டர்பன்ல வாரிசுகளையும் கண்டுபிடிச்சாச்சு, முகவரி வாங்கித் தர அங்கே இருக்கிற ஆளுக்கு 12,000" என்றான். அதையும் கட்டினேன். ஆக 18,500 ரூபாய். இரண்டும் தனிநபர் யுபிஐ எண்ணுக்குத்தான் போனது. "கம்பெனிக் கணக்கில் ஜிஎஸ்டி பிரச்சினை" என்றான்.

பணம் போய்ச் சேர்ந்ததும் குரலே மாறிவிட்டது. காப்பகம் லீவு. சர்வர் வேலை செய்யவில்லை. அங்கே கிறிஸ்துமஸ் விடுமுறை. கூரியரில் இருக்கிறது. "அண்ணா" போய் "சார்" வந்தது. அப்புறம் அவன் எடுப்பதே இல்லை. ஒரு பெண் எடுத்து, "டீம்ல சொல்லியிருக்கேன் சார், கால் பண்ணுவாங்க" என்று ஒப்பித்துவிட்டு வைத்துவிடுவார். எத்தனை நாள் இதையே கேட்பது?

கடைசியில் ஒரு கோப்பு வந்தது. தங்க நிறக் கரை போட்ட சான்றிதழ். கப்பல் நேட்டாலை அடைந்த ஆண்டு 1869. நாற்பதாயிரத்தைத் தாண்டிய ஒரு பதிவு எண். கூடவே தலைப்பாகை கட்டிய ஒருவரின் புகைப்படம், கீழே எங்கள் முன்னோரின் பெயர். அப்பா அதைச் சட்டம் போட்டு சாமி அறையில் வைத்துவிட்டார்.

நான் சந்தோஷத்தில் அதைக் குழுவில் பகிர்ந்தேன். டர்பனில் இருக்கும் ஒரு அம்மா, வருஷக்கணக்காக இந்தப் பதிவேடுகளிலேயே மூழ்கிக் கிடப்பவர், தனியாக எழுதிக் கேட்டார்: "தம்பி, 1869-இல் நேட்டாலுக்குக் கப்பலே வரவில்லையே?"

அவர் பொறுமையாக விளக்கியதை அப்படியே சொல்கிறேன். ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிக்கொண்டு மெட்ராஸிலிருந்து போன முதல் கப்பல், ட்ரூரோ, 342 பேருடன் 1860 நவம்பர் 16 அன்று டர்பனை அடைந்தது. 1866-இல் ஆள் கொண்டுபோவது நின்றுபோனது, அங்கே பொருளாதாரம் படுத்துவிட்டது. ஒப்பந்தம் முடிந்து 1871-இல் ஊர் திரும்பியவர்கள், பட்ட பாட்டையெல்லாம் இங்கே அதிகாரிகளிடம் முறையிட்டார்கள். அதன்பேரில் 1872-இல் அங்கே விசாரணைக் குழு அமைத்தார்கள். 1874-இல்தான் கப்பல் மறுபடி புறப்பட்டது. 1911 வரை போனவர்கள் மொத்தம் ஒன்றரை லட்சத்துக்கும் மேல், அதில் பெரும்பகுதி மெட்ராஸ் துறைமுகம் வழியாகப் போனவர்கள். 1866 வரையிலான முதல் கட்டத்தில் போனவர்கள் ஆறாயிரத்துச் சொச்சம் பேர்தான். பதிவு எண்ணை வந்த வரிசைப்படி ஏறுமுகமாகக் கொடுத்துக்கொண்டே போனார்கள். அப்படியிருக்க 1869-இல் நாற்பதாயிரத்தைத் தாண்டிய எண் எங்கிருந்து வரும்?

புகைப்படமும் பொய். நேட்டால் கப்பல் பட்டியலில் எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடலில் உள்ள மச்சம், தழும்பு இவையெல்லாம் இருக்கும். படம் இருக்காது. 1860களிலிருந்து படம் எடுத்து வைத்தது மொரீசியஸில். இதைச் சொன்ன அந்த அம்மாவே இன்னொன்றையும் தேடி அனுப்பினார். அதே தலைப்பாகைக்காரர், அதே படம், இன்னொரு குடும்பத்துக்குக் கொடுத்த சான்றிதழில் வேறு பெயரோடு இருக்கிறார். தஞ்சாவூர்க்காரர்களாம். அவர்கள் எவ்வளவு கொடுத்தார்களோ!

ஆக, நான் குழுவில் எழுதிய விசாரிப்பை எடுத்து, பஞ்சத்துக்கு முன்னால் என்றால் ஏதோ ஒரு ஆண்டு என்று உத்தேசமாக 1869-ஐப் போட்டு, ஊர்ப் பெயரைச் சாய்வெழுத்தில் அடித்து, எனக்கே விற்றிருக்கிறார்கள். எங்கள் பாட்டி சொன்ன கதையை எங்களுக்கே 18,500 ரூபாய்க்கு!

இதைக் கேட்டபோது வந்த பதில்: "ஆராய்ச்சிக் கட்டணம் திருப்பித் தர முடியாது சார், விதிமுறையில இருக்கு." எந்த விதிமுறை, எங்கே இருக்கிறது என்றேன். "ஆவணங்கள்ல முரண்பாடு சகஜம்" என்றார்கள். முரண்பாடா? வராத கப்பலில் ஏற்றிவிட்டிருக்கிறார்கள்! வாரிசு முகவரி எங்கே என்று கேட்டதற்கு, "அவங்க தொடர்பு வேண்டாம்னு சொல்லிட்டாங்க" என்றார்கள். அதோடு என் எண்ணை முடக்கிவிட்டார்கள். குழுவை நடத்துபவர்களிடம் முறையிட்டால், "தனிப்பட்ட கொடுக்கல் வாங்கலுக்குக் குழு பொறுப்பல்ல" என்று என் பதிவையும் நீக்கிவிட்டார்கள். அவன் இன்னும் அங்கேதான் இருக்கிறான். நேற்றுகூட யாரோ ஒருவருடைய விசாரிப்புக்குக் கீழே "இன்பாக்ஸ் பாருங்க அண்ணா" என்று எழுதியிருக்கிறான். அதைப் பார்த்த பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

எல்லாவற்றையும் விட ஆத்திரம் எதில் தெரியுமா? அந்த அம்மா எனக்கு அனுப்பிய கப்பல் பட்டியல் இலவசம். டர்பனில் உள்ள ஒரு பல்கலைக்கழக ஆவண மையத்தின் உழைப்பில் கணினியில் ஏறியது. அதில் எங்கள் தாலுகாவின் பெயரோடு 1874க்குப் பிந்தைய வரிகள் இருக்கின்றன. எங்களவர் அவற்றில் ஒருவராக இருக்கலாம், இல்லாமலும் போகலாம். அந்த அம்மா ஒரு பைசா கேட்கவில்லை. "சரியாகத் தெரியும்வரை அப்பாவிடம் உறுதியாக எதுவும் சொல்லாதீர்கள்" என்று மட்டும் சொன்னார். அப்பாவிடம் படத்தைப் பற்றி நேற்றுச் சொல்லிவிட்டேன். சட்டத்தைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு ஒன்றும் பேசாமல் போய்விட்டார். 18,500 ரூபாய் போனது ஒரு பக்கம். அவரிடம் நான் என்ன சொல்வது?

விவரமாக எழுதுகிறேன் என்றேன், இப்போது முடியவில்லை. அவசரத்துக்கு இவை: மங்கலாக்கிய மாதிரிப் பக்கத்தைக் காட்டிப் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். எந்தக் காப்பகம், எந்தத் தொகுதி, எந்தப் பக்கம் என்று கேளுங்கள், உண்மையாகப் பார்த்தவனுக்குச் சொல்வதில் சிரமம் இருக்காது. குழுவில் எழுதும்போது ஒன்றிரண்டு விவரங்களை, தகப்பன் பெயர் மாதிரி, உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள். கண்டுபிடித்ததாகச் சொல்பவன் அதைத் தானாகச் சொல்கிறானா என்று பாருங்கள். தனிநபர் யுபிஐக்குப் பணம் போடாதீர்கள். போட்டுவிட்டால் உடனே 1930க்குக் கூப்பிடுங்கள், தாமதித்தால் பணத்தை முடக்குவது கஷ்டம் என்றார்கள். நுகர்வோர் உதவிக்கு 1915.

அதே தலைப்பாகைக்காரர் படம் உங்கள் வீட்டுக்கும் வந்திருந்தால், பணம் கட்டிய ரசீதோடு எனக்கு எழுதுங்கள். சேர்ந்து புகார் கொடுத்தால் வழக்கு வலுவாக நிற்கும் என்கிறார் வக்கீல்.