வன்னிக் காட்டில் மஞ்சள் பலகை இல்லை

இந்த முறை ஊருக்கு வருவதற்கு மகள் ஒரு நிபந்தனை வைத்தாள். கலியாண வீட்டுக்கு வருவாளாம், சாமத்திய வீட்டுக்கு வருவாளாம், சொந்தக்காரர் வீடுகளில் தருகிற பிளேன்ரீ எல்லாவற்றையும் மறுக்காமல் குடிப்பாளாம், ஆனால் ஒரு நாளாவது காட்டுக்குள் நடக்கக் கூட்டிப்போக வேண்டும். சுவிசில், பெர்னில் வளர்ந்த பிள்ளை. அங்கே ரயிலை விட்டு இறங்கினால் ஸ்ரேஷன் வாசலிலேயே மஞ்சள் பலகை நிற்கும், எந்த இடத்துக்கு எத்தனை மணி எத்தனை நிமிட நடை என்று அதில் எழுதியிருக்கும். வெறும் மஞ்சள் என்றால் யாரும் நடக்கலாம், வெள்ளை சிவப்பு வெள்ளைக் கோடு என்றால் மலைப்பாதை, வெள்ளை நீலம் வெள்ளை என்றால் பழக்கமில்லாதவன் கால் வைக்கக் கூடாது. நாடு முழுக்க 65,000 கிலோமீற்றர் அளவுக்கு இப்படிப் பாதை கிடக்கிறது. அதனால் அவள் கேட்டதில் பிழை இல்லை: "அப்பா, உங்கட ஊரில எது மஞ்சள், எது சிவப்பு?"

எங்கள் பக்கம் சிவப்புப் பலகை என்றால் மண்டையோடு போட்ட மிதிவெடிப் பலகை. அதை விமானத்திலேயே இரண்டு பிள்ளைகளுக்கும் சொல்லிவிட்டேன்.

சரி, மாசியில் இலங்கையின் வடக்கே வன்னிக்குப் போய் நடந்த கதையை எழுதுகிறேன், போக நினைக்கிறவர்களுக்கு உதவட்டும். மலை ஏறத்தான் ஆசை என்றால் நக்கிள்ஸுக்கோ எல்லவுக்கோ போங்கள். வன்னி தட்டை நிலம். காட்டுக்கு நடுவே அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கற்பாறைக் குன்றுகள் மரங்களுக்கு மேலே முதுகைக் காட்டிக்கொண்டு கிடக்கும், அவ்வளவுதான். ஆனால் காடு என்றால் காடு. பாலை, முதிரை, வீரை, கருங்காலி, கீழே சூரை முள்ளும் ஈச்சம்பற்றையும், பத்து அடிக்கு அப்பால் என்ன நிற்கிறது என்று தெரியாத காடு.

முதல் பிழை நான் செய்தது. சுவிசில் இருந்தபடியே முகநூலில் ஒரு பயண ஏற்பாட்டாளரைப் பிடித்தேன். நாலு மணிநேரக் காட்டு நடை, வழிகாட்டி, மதியச் சாப்பாடு, நாலு பேருக்கு 140 டொலர். வான் ஒன்றரை மணிநேரம் பிந்தி வந்தது. வழிகாட்டி என்று வந்த தம்பி நல்ல பிள்ளை, மரியாதையான பிள்ளை, ஆனால் அந்தக் காட்டுக்கு அவரும் எங்களைப் போல அன்றைக்குத்தான் முதன்முதல் வந்திருந்தார். கைத்தொலைபேசி வரைபடத்தில் ஒரு கோடு தெரிந்தது, அதைப் பிடித்துப் போனோம், கோடு யானை மின்வேலியில் போய் முட்டி நின்றது. பிறகு குளக்கட்டில் பத்தரை மணி வெயிலுக்குள் நாற்பது நிமிடம் நடந்து, படம் எடுத்து, திரும்பி வந்தோம். சாப்பாடு மட்டும் குறை சொல்ல முடியாது.

அந்த வரைபடக் கோடுகளை நம்ப வேண்டாம். மரம் ஏற்றின வண்டிப் பாதை, சண்டைக் காலத்தில் வெட்டின பாதை எல்லாம் மேலேயிருந்து பார்த்தால் கோடாகத்தான் தெரியும். நிலத்தில் அது முள்ளுப் பற்றை. அதைவிட மோசம், மிதிவெடி அகற்றி முடியாத துண்டுகள் வன்னியில் இன்னும் இருக்கின்றன, அந்தக் கோட்டுக்கு அது தெரியாது. பலகை இல்லாத இடமெல்லாம் சுத்தமான இடம் என்றும் எண்ணக் கூடாது.

தேசியப் பூங்காவுக்குப் போகலாமே என்று மனைவி சொன்னாள். மடு வீதி, சுண்டிக்குளம் இரண்டும் 2015 இல் தேசியப் பூங்காவாக்கப்பட்டவை, தெற்கே வில்பத்து 1938 இலிருந்து இருக்கிறது. ஆனால் தேசியப் பூங்கா என்றால் பொதுவாக ஜீப்பை விட்டு இறங்கவே விடமாட்டார்கள். இருந்து பார்க்கிறவர்களுக்கு அது சரி, நடக்கிறவர்களுக்கு இல்லை. (முன்பொருமுறை ஒரு பூங்கா வாசலில் முல்லைத்தீவில் பிறந்த நான் சுவிஸ் கடவுச்சீட்டை நீட்டி வெளிநாட்டவர் விலையில் ரிக்கெற் வாங்கினேன். சட்டம் அப்படித்தான், தெரியும். ஆனாலும் அன்றைக்கு முழுக்க எனக்கு வாய் கசந்தபடியே இருந்தது.)

வெடுக்குநாறி மலை, குருந்தூர் மலை? இந்தப் பெயர்களைத் தேடினால் முதலில் வருவது பாதை இல்லை, கோயில் உரிமை வழக்குச் செய்திதான். 2024 சிவராத்திரி அன்று வெடுக்குநாறியில் கும்பிடப் போனவர்களில் எட்டுப் பேரைப் பொலிஸார் பிடித்துக்கொண்டு போனார்கள். கும்பிடப் போகிறவர்கள் கும்பிடப் போகட்டும், தடியும் முதுகுப்பையுமாக நாலு கலோரி எரிக்கப் போகிற இடமாக அது எனக்குப் படவில்லை. பிள்ளைகளுக்கு அந்தக் கதையைச் சொன்னேன், அதோடு விட்டுவிட்டோம்.

அப்புறம் அனுமதி. ஒதுக்குக் காட்டுக்குள் போவதென்றால் வேண்டும் என்று ஓர் அலுவலகத்துக்கு இரண்டு நாள் அலைந்தேன். முதல் நாள் பொறுப்பானவர் கூட்டத்தில். இரண்டாம் நாள் வேறொருவர் கதிரை தந்து இருத்தி, எழுத்து வேலை முடிய உங்கள் விடுமுறை முடிந்துவிடும் என்று உள்ளதைச் சொன்னார். குளக்கட்டு, அலைகரை, ஊர்ச்சனம் மாடு சாய்க்கிற பாதை இவ்வளவும் உங்களுக்குக் காணும், எல்லைக் கல்லைத் தாண்டினால் வழக்கு என்றார். காசில்லாமல் கிடைத்த இந்த ஐந்து நிமிடப் பேச்சு 140 டொலர் நடையைவிடப் பிரயோசனம். வாசலில் இருந்த பலகையில் "காட்டு யானை கவணம்" என்று எழுதியிருந்தது. கவண் எறிந்து யானையை விரட்டச் சொல்கிறார்களாக்கும் என்று மகன் சிரித்தான். அவனுக்கு அந்தச் சொல் தெரிந்ததே எனக்குப் பெருமை.

வழி திறந்தது தங்குமிட வாசலில் நின்ற ஓட்டோக்காரத் தம்பியால். "அண்ணை, எந்தப் பாதை எண்டு கேட்டுக்கொண்டு திரியாதேங்கோ, ஆர் கூட்டிக்கொண்டு போறது எண்டு கேளுங்கோ" என்றார். தன்னுடைய தாயின் மாமா ஒருவர் முத்தையன்கட்டுப் பக்கம் இருக்கிறாராம், முந்தி தேன் எடுத்தவர், இப்போது மாடு வைத்திருக்கிறார். பின்னேரமே கூட்டிக்கொண்டு போனார்.

ஐயா எங்களைப் பற்றித்தான் முதலில் விசாரித்தார், காட்டைப் பற்றிப் பிறகுதான். ஆருக்கு இழுப்பு இருக்கு, ஆர் கெதியாய்க் களைக்கிறது, என்ன நிறச் சட்டை, சென்ற் பூசுவீர்களா. சென்ற் கூடாது, தேனீ வரும். பிறகு மண்ணில் குச்சியால் மூன்று வழி கீறினார். குளக்கட்டு: திறந்த வெளி, ஆனை வந்தாலும் தூரத்திலேயே தெரியும், சின்னப் பிள்ளைகளோடு போக அதுதான், ஆனால் ஒன்பது மணிக்குப் பிறகு வெயில் வறுக்கும். ஆற்றங்கரை: மருத மரங்களுக்குக் கீழே நல்ல நிழல், ஆனால் வளைவுக்கு வளைவு மறைப்பு, திடீரென்று கரடியின் முகத்தில் போய் முட்டலாம், வேண்டாம். மூன்றாவது, மாட்டுப் பாதையால் ஒரு வெட்டைக்குப் போய் அங்கிருந்து ஒரு கல்லுமலை. அதற்கு காலை ஆறு மணிக்கு வெளிக்கிட்டு மத்தியானம் ஒரு மணிக்குள் திரும்ப வேண்டும். "பின்னேரம் அவையள் தண்ணிக்கு வருவினம்" என்றார். அவையள் என்றது யானைகளை. இரண்டு நாளிலும் ஆனை என்ற சொல்லை அவர் காட்டுக்கு வெளியே மட்டும்தான் சொன்னார்.

மாட்டுப் பாதைக்கு இன்னொரு காரணமும் இருந்தது, கட்டுத்துவக்கு. பன்றிக்கும் மானுக்கும் வேட்டைக்காரர் பாதைக்குக் குறுக்கே நூல் கட்டி வைக்கிற களவுத் துவக்கு, ஆள் தட்டுப்பட்டால் முழங்கால் போய்விடும். அந்தக் கிழமை மாடு போய் வந்த பாதை என்றால் அப்படி ஒன்று இருக்க வழியில்லை. மகளுக்கு இது பிடித்துக்கொண்டது, மஞ்சள் பலகைக்குப் பதிலாகப் புதுச் சாணி.

காட்டு வாசலில் ஒரு பாலை மரத்தடிக் கல்லுக்கு முன்னால் ஐயா குழை முறித்துப் போட்டார், எங்களையும் போடச் சொன்னார். ஏ9 வீதியோர முறிகண்டிக் கோயிலில் கச்சான் வாங்கித் தேங்காய் உடைப்பதோடு வழித்துணைப் பிள்ளையார் கணக்கு முடிந்தது என்று இருந்தவன் நான். ஒரு மணிநேரம் பேச்சில்லாமல் நடந்தோம். வழியில் கிடந்த லத்தியைக் காலால் தட்டிப் பார்த்து, நேற்றையது என்று கையால் காட்டினார். தண்ணீர் தேங்குகிற ஒரு மோட்டையடியில் நின்றுவிட்டார். சேற்றில் பெரிய அடி, அதற்குள் தண்ணீர் அப்போதுதான் ஊறிக்கொண்டிருந்தது. பின்னுக்கு வரச் சொல்லிக் கை காட்டினார், காற்று எந்தப் பக்கம் என்று மண்ணை எடுத்துத் தூவிப் பார்த்தார், ஒரு வீரை மரத்தடியில் இருபத்தைந்து நிமிடம் இருத்தி வைத்தார். தூரத்தில் கொப்பு முறிகிற சத்தம் இரண்டு தரம் கேட்டது. எதையும் காணவில்லை. கைத்தொலைபேசியைத் தொடாமல் மகன் அவ்வளவு நேரம் இருந்து நான் பார்த்ததில்லை.

கல்லுமலை பெரிய உயரமில்லை, சப்பாத்து நல்லதென்றால் யாரும் ஏறலாம். மேலே நின்றால் நாலாபக்கமும் காடு, கிழக்கே குளத்துத் தண்ணீர் தகடு மாதிரி. பாறையடியில் ஆளுயரக் குழிகள் இரண்டு. புதையல் தோண்டுகிறவர்களின் வேலை. அதனால்தான் அந்த இடத்தின் பெயரை இங்கே எழுதவில்லை, ஐயா கேட்டுக்கொண்டார். மகள் தன்னுடைய செயலியில் பாதையைப் பதிந்துகொண்டு வந்திருந்தாள், அதையும் காட்டி விளங்கப்படுத்தினாள். "இது எல்லாருக்கும் தெரியுமோ பிள்ளை?" என்று அவர் கேட்டதும் அழித்துவிட்டாள்.

செலவு சொல்கிறேன். ஓட்டோ இரண்டு நாளும் காத்து நின்றதோடு 9,000 ரூபாய், ஐயா ஒன்றும் கேட்கவில்லை, 5,000 கொடுத்தேன், மனைவி குறைவு என்று திரும்பவும் 2,000 கொடுத்தாள். ஆளுக்கு மூன்று லீற்றர் தண்ணீர் கொண்டுபோங்கள், வழியில் கடை இல்லை. நீளக் காற்சட்டை, கணுக்காலை மூடின சப்பாத்து கட்டாயம், புடையன் பாம்பு சருகோடு சருகாகக் கிடக்கும். எதுவும் நடந்தால் 1990 இலவச அம்புலன்ஸ், ஆனால் காட்டுக்குள் பல இடத்தில் தொடர்பு கிடைக்காது, அதனால் எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று வெளியில் ஒருவருக்குச் சொல்லிவிட்டுப் போங்கள். எங்களுக்கு அது ஓட்டோத் தம்பி. உண்ணி எப்படியும் ஏறும். அன்றிரவு என் காலில் மட்டும் பதினொன்று.

அடுத்த முறை பாலைப்பழக் காலத்தில் வரட்டுமா என்று வெளிக்கிடும்போது ஐயாவைக் கேட்டேன். ஆனி ஆடியில் வாங்கோ, பழம் எவ்வளவும் தாறன் என்றார். "ஆனால் நடக்கக் கூட்டிக்கொண்டு போ எண்டு மட்டும் கேக்கப்படாது. அப்ப கரடி எல்லாம் பாலை மரத்தில."