வின்பாக்ஸும் அதன் மூலையில் இருக்கும் ஒரு பொத்தானும்

சிறிய அளவில் இணையச் சேவை தொடங்கவிருக்கும் நண்பர் ஒருவர், மைக்ரோடிக் நிறுவனத்தின் ரவுட்டர்களை, அவற்றுக்கென அந்நிறுவனமே தரும் சாளர மென்பொருளான வின்பாக்ஸில் நிர்வகிப்பதா, கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் கட்டளை வரியையே முதலில் கற்பதா என்று கேட்டார். வின்பாக்ஸை ஆண்டுக்கணக்காக அன்றாடம் பயன்படுத்தி வருபவன் நான். அவருக்குச் சொன்ன பதில் இது.

வின்பாக்ஸை என்னால் விட முடியாததற்கு முதற்காரணம், ஐபி முகவரியே இல்லாத ரவுட்டருக்குள்ளும் அது நுழைந்துவிடும் என்பதுதான். கணினியும் ரவுட்டரும் ஒரே சுவிட்சில் இருந்தால் போதும். 'நெய்பர்ஸ்' பட்டியலில் தெரியும் மேக் முகவரியை (கருவியிலேயே பதிந்த வன்பொருள் முகவரி) சொடுக்கினால் அமைப்புகள் அனைத்தும் திறந்துவிடுகின்றன. தவறான சப்நெட் (ஐபி முகவரி வரம்பு) கொடுக்கப்பட்டு, உலாவியில் எட்டவே முடியாத ரவுட்டரைக்கூட ரீசெட் செய்யாமல் மீட்க முடிவது எத்தனை பெரிய வசதி என்பது, அந்த நிலையில் நின்றவருக்குத்தான் தெரியும். லினக்ஸிலும் ஆப்பிளின் மேக் கணினிகளிலும், விண்டோஸ் மென்பொருள்களை இயக்க உதவும் வைன் வழியாகவே ஓட்ட வேண்டியிருந்த நிலையையும் நான்காம் பதிப்பு மாற்றிவிட்டது.

எந்தத் தரவை விடுவது, எதைத் தடுப்பது என்று முடிவுசெய்யும் ஃபயர்வால் விதிகளைக் கையாளும் விதமும் அருமையானது. ஒவ்வொரு விதியிலும் எத்தனை பாக்கெட்டுகள் (தரவுத் துண்டுகள்) சிக்குகின்றன என்பது கண்முன்னே ஓடிக்கொண்டிருக்கும். வரிசையை மாற்ற, விதியைச் சுட்டியால் பிடித்து மேலே இழுத்தால் போதும். ஆனால் என் மனக்குறையும் அங்கேதான் தொடங்குகிறது. இழுத்து விட்ட நொடியே அந்த மாற்றம் நடைமுறைக்கு வந்துவிடும். விதிகள் மேலிருந்து கீழாகவே பார்க்கப்படுவதால், ரவுட்டருக்கே வரும் தரவுகளுக்கான இன்புட் செயினில், அவற்றைத் தடுக்கும் ஒரு டிராப் விதி நம்மை அனுமதிக்கும் விதிக்கு மேலே ஏறிவிட்டால், தொலைவிலுள்ள அலைபரப்புக் கோபுரத்து ரவுட்டருடனான தொடர்பு அப்போதே அறுந்துபோகும். ஜூனிப்பர் என்ற வேறொரு நிறுவனத்தின் கருவிகளில் மாற்றங்களைத் தனியே எழுதிவைத்து, பிறகே கமிட் செய்கிறோம், அதாவது நடைமுறைப்படுத்துகிறோம். 'கமிட் கன்ஃபர்ம்ட்' கொடுத்தால், 10 நிமிடங்களுக்குள் உறுதிசெய்யாவிட்டால் பழைய நிலைக்கே திரும்பிவிடும்.

வின்பாக்ஸில் அதற்கு மாற்றே இல்லை என்று சொன்னால் அது நியாயமாகாது. சேஃப் மோட் என்ற பொத்தான் இருக்கிறது. நன்றாகவே வேலை செய்கிறது. அது இயங்கும்போது தொடர்பு திடீரென அறுந்தால், இணைப்பு அறுந்ததென ரவுட்டர் முடிவுசெய்யும் டிசிபி டைம்அவுட்டான 9 நிமிடங்கள் கழிந்ததும் நாம் செய்த மாற்றங்கள் தாமாகவே நீங்கிவிடும். ஆனால் மாற்றங்கள் 100-ஐத் தாண்டினால் சேஃப் மோட் தானாக விலகிவிடும், எந்த மாற்றமும் தானாக நீங்காது. ஆகவே, சிறுசிறு படிகளாகச் செய்து, ஒவ்வொரு படி முடிந்ததும் பொத்தானை விடுவித்து மீண்டும் அழுத்துவதே சரியான முறை.

இவ்வளவு முக்கியமான பாதுகாப்பு, ஒவ்வொரு முறையும் மனிதர் நினைவில் வைத்து அழுத்த வேண்டிய சிறு பொத்தானாக மூலையில் கிடப்பதை என்னால் ஏற்கவே முடியவில்லை. உள்ளே நுழைந்ததுமே அது இயங்கும் நிலையில் இருக்க வேண்டும், வேண்டாதவர் அணைத்துக்கொள்ளட்டும். கட்டளை வரியிலும் இதே சேஃப் மோட்தான் இருக்கிறது, அங்கும் நாம்தான் தொடங்க வேண்டும். ஆயினும் தொடங்கிய பின் ஒவ்வொரு வரியின் முன்னும் 'சேஃப்' என்ற சொல் வந்து நிற்பதால், அடுத்த கட்டளையைத் தட்டுமுன் கண் அதைப் பார்த்தே தீரும். வின்பாக்ஸில் அழுந்திய பொத்தானுக்கும் அழுந்தாத பொத்தானுக்கும் உள்ள வேறுபாடு, பத்துச் சாளரங்கள் திறந்திருக்கையில் யார் கண்ணிலும் படாது.

இன்னொன்றையும் நண்பரிடம் வற்புறுத்தினேன்: வின்பாக்ஸ் ரவுட்டருடன் பேசப் பயன்படுத்தும் 8291-ஆம் போர்ட்டை (இணைப்பு வாயிலை) இணையத்தை நோக்கித் திறந்துவைக்கக் கூடாது. 2018-இல் வெளிப்பட்ட குறைபாடு, கடவுச்சொல் இல்லாமலேயே பயனர் விவரக் கோப்பைப் படிக்க அந்த வழியாகத்தான் இடங்கொடுத்தது. திருத்தம் அந்த ஆண்டே வந்துவிட்டது. ஆனாலும் நிர்வாகத்துக்கென ஒரு விபிஎன் (மறையாக்கப்பட்ட தனி இணைப்பு) அமைத்து, அதற்குள் மட்டும் அந்தப் போர்ட்டை அனுமதிப்பதே முறை.

இத்தனை புகழ்ந்த பிறகும், என் பதில் கட்டளை வரி என்பதுதான். மேசைமேல் இருக்கும் ரவுட்டருக்கு வின்பாக்ஸைவிடச் சிறந்த கருவியை நான் கண்டதில்லை. கோபுரத்தின்மேல் இருக்கும் ரவுட்டரைப் புதிதாகச் சேரும் பணியாளர் வின்பாக்ஸில் திறப்பதற்கு நான் சம்மதிக்க மாட்டேன்.