கட்டாரில் முதல் ஆறு மாதம்: கம்பனி அறையா, வெளிக் கட்டிலா?

கிளிநொச்சித் தருமபுரம் சந்தித் தேநீர்க்கடையில் மாலையில் இருந்தால், கொழும்பில் மருத்துவச் சோதனை முடித்துவிட்டு வந்த தம்பி ஒருவனாவது என் வாங்கில் வந்து அமர்வான். விமான டிக்கெட் பற்றி எவனும் கேட்பதில்லை. எல்லோருக்கும் ஒரே கேள்விதான்: "அண்ணை, கம்பனி தரும் இடத்திலேயே தங்குவதா, வெளியே கட்டில் எடுப்பதா?" வெளிக் கட்டில் என்றால், பலர் தங்கும் அறையில் ஒரு கட்டிலை மட்டும் சொந்தக் காசில் வாடகைக்கு எடுப்பது.

2019 இன் கடைசியில் டோஹாவுக்குப் போய் 2023 இல் திரும்பினேன். மின்னிணைப்பு வேலை. இரண்டு விதமான இடத்திலும் படுத்து எழும்பியிருக்கிறேன். என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஆறு மாதம் வரை கம்பனி அறை, அதன் பிறகு வெளிக் கட்டில். நான் அப்படிச் செய்யவில்லை. மூன்றாம் கிழமையே பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியேறினேன். எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் பலரும் அப்படித்தான் வெளியேறுகிறார்கள், அதுவும் செலவுக் கணக்குப் பார்த்து அல்ல.

தொழிலாளர் விடுதியை அங்கே 'காம்ப்' என்பார்கள். கேரளத்துக்காரனுக்கு அது வெறும் விடுதி. 2009 இல், போரில் இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் தட்டோடு வரிசையில் நின்றபோது எனக்குப் பதின்மூன்று வயது. பத்து வருடம் கழித்து, டோஹா கைத்தொழில் பேட்டையில் முதல் நாள் மாலை மறுபடியும் தட்டோடு வரிசையில் நின்றேன். வாசலில் காவலாளி என் பெயரைப் பதிந்தான். நேபாளத்துக்காரன், சிரித்த முகம். வரிசை குறுகியது, சோறு தாராளம். ஆனாலும் தொண்டைக்குள் எதுவும் இறங்கவில்லை. பக்கத்துக் கட்டிலில் இருந்த புதுக்குடியிருப்புப் பெடியன் நான் அங்கே இருந்த நாள் முழுதும் கட்டிலில் வைத்தே பாண் சாப்பிட்டான். இருவரும் காரணத்தைப் பேசிக்கொள்ளவில்லை. இதை இங்கே எழுதுவதற்குக் காரணம், போகப்போகிறவர்கள் இந்த உணர்வு வரும் என்று தெரிந்துகொண்டு போகட்டும் என்பதுதான். வந்தால் இரண்டு மூன்று கிழமை பல்லைக் கடித்துக்கொள்ளுங்கள். எனக்கு அதை முன்கூட்டிச் சொல்ல ஆள் இருக்கவில்லை.

இனிக் கணக்கு. 2021 மார்ச் முதல் கட்டாரில் ஆகக் குறைந்த அடிப்படைச் சம்பளம் மாதம் 1000 ரியால். கம்பனி தங்குமிடம் தராவிட்டால் மேலும் 500, சாப்பாடு தராவிட்டால் மேலும் 300 கொடுக்க வேண்டும். இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. கம்பனி கட்டிலைத் தந்து, நீங்களாக அதை வேண்டாம் என்று விட்டுப் போனால், 500 ரியாலைக் கேட்க உங்களுக்குக் காரணம் இல்லை. ஆகவே இந்த முடிவு டோஹாவில் எடுக்கும் முடிவே அல்ல. 2018 இல் கொழும்பில் திறந்த கட்டார் விசா நிலையத்தில் ஒப்பந்தத்தில் கையொப்பம் வைக்கும்போதே பாதி முடிவாகிவிடுகிறது. அங்கே பார்க்க வேண்டிய வரி ஒன்று: தங்குமிடமா, தங்குமிடக் கொடுப்பனவா? மருத்துவச் சோதனையும் விரல் அடையாளமும் முடிந்த களைப்பில் இதைப் படிக்காமல் கையொப்பம் வைத்தவர்களை எனக்குத் தெரியும். நானும் ஒருவன்.

எனக்குச் சம்பளம் 1200. டோஹாவின் நஜ்மா பகுதியில் ஓர் அறையில் ஆறு பேர், என் கட்டிலுக்கு 450. சாப்பாடு 250. கம்பனி பஸ் நிற்கும் இடத்துக்குப் போய்வரும் செலவு தனி. மெட்ரோவில் ஒரு பயணம் 2 ரியால்தான், ஆனால் நான்கரைக்குப் புறப்படும் பஸ்ஸைப் பிடிக்க மெட்ரோ உதவாது. வெயில்காலத்தில் வேலை அவ்வளவு நேரத்தோடு தொடங்கும். ஜூன் 1 முதல் செப்டெம்பர் 15 வரை, காலை 10 மணியிலிருந்து பிற்பகல் 3.30 வரை திறந்த வெளியில் வேலை வாங்கத் தடை என்பது 2021 இல் வந்த விதி. அந்த மாதங்களில் விடுதியில் இருப்பவன் எழும்பி முகம் கழுவிக்கொண்டு பஸ்ஸில் ஏறுவான். நான் மூன்று மணிக்கே எழும்பி, வாடகைக் காரில் நான்கு பேரோடு நெருங்கி உட்கார்ந்து போவேன். மாத முடிவில் விடுதிக்காரன் வீட்டுக்கு ஆயிரம் அனுப்புவான், நான் நானூறு அனுப்புவேன். ஊரில் நுண்கடன் தவணைக்குக் கிழமைதோறும் வாசலில் ஆள் வந்து நிற்கும் வீட்டுக்கு இந்த அறுநூறு ரியால் எவ்வளவு பெரிது என்று நான் விளக்கத் தேவையில்லை.

பணத்தை விட்டாலும் வெளிக் கட்டிலில் இன்னொரு பிரச்சினை உண்டு. கட்டார் அடையாள அட்டை கைக்கு வரும்வரை உங்கள் பெயரில் வீட்டு ஒப்பந்தம் எழுத முடியாது. அறை வேறு யாரோ ஒருவருடையது, நீங்கள் அவருடைய விருந்தாளி. அவர் போ என்றால் போக வேண்டும். மேலும், குடும்பங்கள் வாழும் பகுதிகளில் தொழிலாளர் கூட்டமாகத் தங்குவதை 2010 ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று தடுக்கிறது. பலகை வைத்துத் துண்டு துண்டாக்கிய வில்லாக்களில் சோதனை வந்தால் அன்றிரவே சாமான் தெருவில். முதல் ஆறு மாதத்தில் நான் மூன்று அறை மாறினேன். கம்பனி விடுதியில் இருந்தால் வீட்டுக் கவலையாவது முதலாளியின் தலையில் கிடந்திருக்கும்.

இவ்வளவு சொல்லியும், வெளிக் கட்டிலை நான் முழுதாகத் தள்ளிவிட மாட்டேன். விடுதியில் எல்லோரும் ஒரே கம்பனி, ஒரே கதை. வெளி அறையில் ஒருவன் குளிரூட்டி திருத்துவான், ஒருவன் கடையில் கணக்கெழுதுவான், ஒருவன் சாரதி. எந்த இடத்தில் ஆள் தேடுகிறார்கள் என்ற செய்தி அங்கேதான் வரும். 2020 இல் சட்டம் மாறி, பழைய முதலாளியின் சம்மதக் கடிதம் இல்லாமலே வேலை மாறலாம் என்று ஆனது. இரண்டு வருடத்துக்கு உட்பட்ட வேலை என்றால் ஒரு மாத முன்னறிவித்தல், அதற்கு மேல் இரண்டு மாதம். அடுத்த வருடம் நான் 1900 ரியாலுக்கு மாறினேன். அந்தச் செய்தியைக் கொண்டுவந்தவன் என் மேல்கட்டிலில் இருந்த ஒட்டுசுட்டான்காரன். விடுதியில் இருந்திருந்தால் அது என் காதுக்கு எட்டியிருக்காது.

2020 மார்ச்சைப் பற்றியும் சிலர் கேட்பார்கள். கொரோனாவில் கைத்தொழில் பேட்டையின் 1 முதல் 32 வரையான தெருக்களை அடைத்தார்கள். உள்ளே இருந்த என் கூட்டாளிகள் வெளியே வர முடியாமல் தவித்தார்கள், ஆனால் அவர்களுக்குச் சாப்பாடு போனது. வெளியே நான் நடமாடினேன். வேலைக்கு அழைத்துப்போக பஸ்தான் வரவில்லை. இதை வைத்து எந்தப் பக்கம் சாய்வது என்று எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை.

வீட்டு வேலைக்குப் போகும் அக்காமாருக்கு இந்தத் தெரிவே கிடையாது, முதலாளியின் வீடுதான் தங்குமிடம். அவர்களுக்கென்று 2017 இல் வந்த தனிச் சட்டத்தில் ஒரு நாளைக்கு ஆகக்கூடியது பத்து மணிநேர வேலை, கிழமைக்கு ஒரு முழுநாள் ஓய்வு, வருடத்துக்கு மூன்று கிழமை விடுமுறை என்று இருக்கிறது. அதை மனப்பாடம் செய்துகொண்டு போங்கள்.

கம்பனிச் சாப்பாடா, கூட்டுச் சமையலா?

இதில் எனக்கு இரண்டாம் எண்ணம் இல்லை. சமையல் அறை இருந்தால் கூட்டுச் சமையல். கம்பனிச் சாப்பாட்டில் குறை சொல்ல எதுவுமில்லை: பருப்பு, சப்பாத்தி, கோழி. ஆனால் வறுத்து இடித்த தூள் போடாத குழம்பை எத்தனை நாளைக்குச் சாப்பிடுவது? நான்கு பேர் சேர்ந்து முறைவைத்துச் சமைத்தால் செலவு மட்டுப்படும், வெள்ளிக்கிழமை மத்தியானம் சிவப்பரிசிச் சோறும் நெத்தலிக் கருவாட்டுக் குழம்பும் கிடைக்கும். ஒப்பந்தத்தில் 300 ரியால் சாப்பாட்டுக் கொடுப்பனவு இருந்தால் யோசிக்கவே வேண்டாம். கம்பனி சாப்பாடாகவே தந்தால் மட்டும் முதல் மாதங்களில் அதையே சாப்பிட்டு, வெள்ளியில் மட்டும் சமையுங்கள். பெட்டியில் அம்மா கட்டித் தரும் தூள் இரண்டு கிலோ போதும். கசகசா ஒரு சிட்டிகைகூட வேண்டாம், வளைகுடாவில் அது போதைப்பொருள் கணக்கில் சேரும். கொடீன், டிரமடோல் கலந்த வலி மாத்திரையும் அப்படியே. ஊரில் சாதாரணமாக விழுங்குகிற மாத்திரைக்குக்கூட மருத்துவரின் சீட்டைக் கையில் வைத்திருங்கள்.

கடவுச்சீட்டைக் கம்பனி "பத்திரமாக" வைத்திருக்கட்டுமா, நாமே வைத்திருப்பதா என்றும் கேட்பார்கள். நாமே. முதலாளி கடவுச்சீட்டைப் பிடித்து வைப்பதற்கு அங்கே 2015 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டத்தில் 25,000 ரியால் வரை தண்டம் உண்டு. இதற்கு எங்களுக்குச் சட்டம் படிப்பிக்கவும் வேண்டியதில்லை. போரின் கடைசியில் மாத்தளனிலிருந்து செட்டிகுளம் வரை அம்மா பிறப்புச் சான்றிதழ்களையும் காணிப் பத்திரத்தையும் பொலித்தீன் பையில் சுற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு வந்தார். சட்டி, பானை, சைக்கிள் எல்லாம் போயின, அந்தப் பை போகவில்லை. அப்படிப் பையைத் தவறவிட்டவர்கள் புதுப் பத்திரத்துக்காகக் கச்சேரிப் படி, அதாவது மாவட்டச் செயலகப் படி, ஏறி ஓய்ந்தார்கள். அலுமாரிக்குப் பூட்டு ஒன்று வாங்குங்கள், ஒவ்வொரு பத்திரத்தையும் படமெடுத்து வீட்டுக்கும் அனுப்பிவையுங்கள். பூட்டுப்போட்ட அலுமாரி விடுதியில் இருக்கும், ஆறு பேர் அறையில் இருக்காது. இதிலும் விடுதிக்கே ஒரு புள்ளி.

வங்கியா, உண்டியலா?

உண்டியல் என்றால் வங்கியைத் தொடாமல் ஆள் மூலம் ஊருக்குக் காசு அனுப்புவது. உண்டியல்காரன் இனிமையானவன். தொலைபேசியில் சொன்னால் போதும், மாலைக்குள் முரசுமோட்டையில் வீட்டு வாசலுக்கே காசு வரும். படிவம் இல்லை, வரிசை இல்லை, பெயரில் எழுத்துப்பிழை இல்லை. 2021 கடைசியில் வங்கியில் டொலர் 200 ரூபாயை ஒட்டியே கட்டிவைக்கப்பட்டிருந்தபோது, உண்டியல் அதைவிட நன்றாகக் கொடுத்தது. அப்போது உண்டியலில் அனுப்பியவனை நான் குறை சொல்ல மாட்டேன், நானும் அனுப்பினேன். 2022 மார்ச் 7 அன்று ரூபாயை அவிழ்த்துவிட்டார்கள். வங்கியில் ஏறத்தாழ 55 ரூபாயாக இருந்த ரியால், மே மாதத்துக்குள் 100 ஐ நெருங்கியது. அந்த இரண்டு மாதத்தில் உண்மையில் வென்றவர்கள் மூன்றாவது கூட்டம்: வெளிநாட்டு நாணயக் கணக்கில் காசை ரூபாயாக்காமல் வைத்திருந்தவர்கள். என் அறையில் அப்படி ஒரேயொருவன் இருந்தான். அவனை அதுவரை கஞ்சன் என்று பகிடி செய்துகொண்டிருந்தோம்.

இப்போது வங்கியும் காசு மாற்றும் நிறுவனங்களும் கொடுக்கும் விலை உண்டியலுக்குப் பெரிதாகக் குறைந்ததல்ல. உண்டியல் சட்டத்துக்கு வெளியே நடப்பது, காசு வராவிட்டால் எந்த வாசலிலும் போய் முறையிட முடியாது. அதைவிட எனக்குப் பெரிதாகத் தெரிவது துண்டுச் சீட்டு. திரும்பி வந்து உழவு இயந்திரத்துக்குக் கடன் கேட்டபோது, நான்கு வருடம் உழைத்ததற்கு என்ன ஆதாரம் என்று வங்கியில் கேட்டார்கள். என்னிடம் இரண்டு வருடத்துக்கான சீட்டுத்தான் இருந்தது. மற்ற இரண்டு வருடம் உண்டியலில் போனது, அதற்குச் சாட்சி அம்மா மட்டும். வீட்டுச் செலவுக்கு ரூபாயாகவும், மிச்சம் பிடிப்பதை வெளிநாட்டு நாணயக் கணக்கிலும் அனுப்புங்கள். அந்தக் கணக்கு உங்கள் பெயரில் இருக்கட்டும், வீட்டுச் செலவுக் கணக்கு அம்மாவின் பெயரிலோ மனைவியின் பெயரிலோ இருக்கட்டும்.

இங்கே ஒரு சின்ன விஷயம் என்னை நன்றாக அலைக்கழித்தது. கடவுச்சீட்டில் அப்பாவின் பெயரும் என் பெயரும் முழுதாக இருக்கும். வங்கிப் புத்தகத்தில் முதலெழுத்தோடு என் பெயர். அதிலும் ஆங்கில எழுத்துக்கூட்டலில் ஓர் எழுத்து வித்தியாசம். இடம்பெயர்ந்த காலத்தில் அவசரத்தில் எழுதிய பத்திரங்களில் எங்கள் ஊரில் பாதிப் பேருக்கு இப்படித்தான். நான் அனுப்பிய முதல் சம்பளம் வங்கியில் தொங்கிக்கொண்டு நின்றது. புறப்படுமுன் கடவுச்சீட்டையும் வங்கிப் புத்தகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்தெழுத்தாகப் பாருங்கள். பிழை இருந்தால் நேரில் போய்த் திருத்துங்கள், அரைநாள் வேலை. டோஹாவிலிருந்து அதைத் திருத்தி எடுக்க எனக்கு ஏழு கிழமை போனது, அம்மா பரந்தனுக்கு ஆறு தடவை பஸ் ஏறினார்.