தம்மம்பட்டி வாகை மர வேணுகோபாலன்: ஓராண்டுக்குப் பின் எழுதும் மதிப்பீடு

சேலம் மாவட்டத்தில், ஆத்தூருக்குத் தெற்கே உள்ள தம்மம்பட்டி, மரச் சிற்பத்துக்காகப் புவிசார் குறியீடு பெற்ற ஊர். அங்கே வீட்டோடு சேர்ந்த பட்டறையில் தொழில் செய்துவரும் ஒரு சிற்பியிடம் 2 அடி உயர வேணுகோபாலனைச் செய்யச் சொல்லி வாங்கினேன். விலை 19,000 ரூபாய். சொன்ன கெடு 45 நாள், கைக்கு வந்தது 60ஆவது நாள். வந்த அன்றே எழுதியிருந்தால் புகழ்ச்சி மட்டுமே இருந்திருக்கும். மரம் ஒரு கோடையையும் ஒரு மழைக்காலத்தையும் கண்ட பிறகுதான் அதன் தரம் தெரியும் என்பதால் ஓராண்டு பொறுத்திருந்தேன்.

உருவம் முழுவதும் ஒரே வாகைத் துண்டில் செதுக்கப்பட்டது. இடக்கால் ஊன்றி நிற்க, வலக்கால் அதற்கு முன்னே குறுக்காக வந்து விரல் நுனியால் மட்டும் பீடத்தைத் தொட, கழுத்து, இடுப்பு, முழங்கால் என மூன்று இடங்களில் உடல் வளையும் திரிபங்க நிலை. இடுப்பின் உருட்சியில் மர ரேகைகள் குளத்து அலைபோல் வளையம் வளையமாகத் திரும்புகின்றன. சாயம் பூசியிருந்தால் இந்த அழகு மறைந்திருக்கும். இத்தகைய உருவத்தில் குழல்தான் கடினமான இடம். மரத்தின் நார் மேலிருந்து கீழாக ஓட, குழலோ அதற்குக் குறுக்கே நீள்கிறது. மெல்லியதாக இழைத்தால் ஒரு தட்டில் முறிந்துவிடும். ஆகவே சிற்பி குழலைச் சற்றுத் தடிமனாகவே விட்டு, அதன் முனையை ஒரு சிறு இலைக் கொத்தால் தோளோடு இணைத்திருக்கிறார். பார்ப்பவருக்கு அது அலங்காரமாகத் தெரியும். உண்மையில் அது முட்டு. இந்தத் தேர்ச்சிக்காகவே கொடுத்த பணம் தகும் என்பேன். முதுகுப் பக்கம் மட்டும் அவசரம் தெரிகிறது: மாலையின் இதழ்கள் உப்புத்தாள் பட்டு மழுங்கிப் போயிருக்கின்றன.

மரத்தில் செய்த திருமேனி வழிபாட்டுக்கு ஆகுமா என்று வீட்டுக்கு வந்த சிலர் கேட்டார்கள். தாராளமாக ஆகும். பாகவதத்தின் 11ஆம் ஸ்கந்தம் எட்டு வகைத் திருமேனிகளைச் சொல்லும்போது கல்லுக்கு அடுத்தபடியாக மரத்தைத்தான் வைக்கிறது. காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயிலில் அத்தி மரத்தாலான அத்தி வரதர் 40 ஆண்டுகளுக்கு ஒருமுறை அனந்தசரஸ் குளத்திலிருந்து எழுந்தருள்கிறார். 2019இல் 48 நாள் தரிசனம் தந்தார். பூரி ஜகந்நாதரின் திருமேனி வேப்ப மரம். 2015இல் நவகளேபரம் என்னும் திருமேனி மாற்றும் சடங்கு நடந்து புதிய திருமேனிகள் அமைந்தன. அத்தி வரதர் நீருக்குள்ளேயே இருக்கிறாரே, நம் வீட்டு மரச் சிலைக்கு மட்டும் ஏன் தண்ணீர் ஆகாது என்ற ஐயம் எனக்கும் இருந்தது. முழுக்க நீருக்குள் இருக்கும் மரத்துக்குக் காற்று எட்டாததால் உளுத்துப்போவது மிகவும் மெதுவாகிறது. நனைவதும் உலர்வதும் மாறி மாறி நடப்பதுதான் மரத்தைக் கெடுக்கிறது. வீட்டில் நாள்தோறும் அபிஷேகம் செய்வது அந்தக் கேட்டை நாமே வரவழைப்பதாகும். பூரியிலும் அன்றாட நீராட்டு கண்ணாடியில் தெரியும் பிம்பத்துக்கே நடக்கிறது. திருமேனிகளுக்கு நேரே 108 குட நீராட்டு ஆண்டுக்கு ஒருமுறை ஸ்நான பூர்ணிமையில்தான். நானும் சிலைக்கு எதிரே ஒரு சிறு கண்ணாடியைத் தாம்பாளத்தில் வைத்து, அதில் தெரியும் முகத்துக்குத்தான் உத்தரணியால் நீர் விடுகிறேன்.

இனி குறைக்கு வருகிறேன். நான்காம் மாதம் பீடத்தின் பின்மூலையில் குண்டூசித் தலை அளவில் மூன்று துளைகளும், அவற்றின் கீழே மைதா மாவு போன்ற தூளும் தெரிந்தன. விளக்கு வைத்துப் பார்த்தபோது காரணம் புரிந்தது. வாகையின் வைரம், அதாவது நடுவில் உள்ள முற்றிய மரம், கரும்பழுப்பு. அதைச் சுற்றியுள்ள இளமரமான வெளிறு வெளுத்த நிறம். அந்த மூலையில் இரண்டு விரல் அகலத்துக்கு வெளிறு இருந்ததை பாலிஷ் மறைத்திருக்கிறது. துளைப்பூச்சிக்கு வெளிறில் உள்ள மாவுச் சத்துதான் தீனி. வைரத்துக்குள் அது பெரும்பாலும் போவதில்லை. சிற்பியிடம் தொலைபேசியில் சொன்னேன். "வெளிறை எடுத்திருக்கணும், என் தப்புதாங்க, கொண்டாங்க" என்று மறுக்காமல் ஏற்றுக்கொண்டார். துளைகளில் ஊசியால் பூச்சி மருந்து ஏற்றி, மரத்தூளையும் தேன்மெழுகையும் குழைத்து அடைத்து, காசு வாங்காமல் திருப்பிக் கொடுத்தார். அதன்பின் தூள் விழவில்லை. ஆனாலும் சிலையைக் கொடுக்கும்போதே இதைச் சொல்லியிருக்க வேண்டும்; என் மதிப்பீட்டில் அது குறைதான்.

பராமரிப்பைப் பொறுத்தவரை, இந்தச் சிலைக்குப் பூசியிருப்பது அரக்கைச் சாராயத்தில் கரைத்த பிரெஞ்ச் பாலிஷ். ஈரம் நின்றால் அது வெள்ளை பூக்கும். வாசனைத் திரவியமோ கை கழுவும் சானிடைசரோ பட்டால் கரையும். தேங்காயெண்ணெயும் நல்லெண்ணெயும் தடவினால் இரண்டு நாள் மினுங்கும். பிறகு தூசியைப் பிடித்து, சிக்கு நாற்றம் எடுத்து, மடிப்புகளில் கறுப்பாக அப்பிக்கொள்ளும். வாரம் ஒருமுறை ஓவியர்கள் வைத்திருக்கும் மெல்லிய தூரிகையால் மேலிருந்து கீழாகத் தட்டினாலே போதும். குங்குமத்தையும் சந்தனத்தையும் மரத்தில் நேரே இடாமல், நெற்றியில் ஒட்டிய சிறு வெள்ளித் திலகத்தின் மீது இடுகிறேன். விளக்கு ஒன்றரை அடி தள்ளி இருக்கிறது. சன்னல் வெயில் நேரே விழும் இடமும், ஏசி காற்று நேரே வீசும் இடமும் வேண்டாம். இரண்டும் மரத்தை ஒரு பக்கமாக உலர்த்தி வெடிக்க வைப்பவை. சித்திரை வெயிலில் பீடத்தின் அடியில் முடி அளவு ஒரு வெடிப்பு விட்டது. ஐப்பசி மழையில் தானாகவே கூடிவிட்டது. அதில் பசை ஊற்றாமல் விட்டதே நல்லது, ஊற்றியிருந்தால் மரம் மறுபடி விரியும்போது வேறு இடத்தில் பிளந்திருக்கும்.

அடுத்து மகள் வீட்டுக்கு ஒன்றரை அடியில் நர்த்தன விநாயகருக்கு அதே பட்டறையில்தான் சொல்லியிருக்கிறேன். முன்பணம் கொடுக்கும் முன் மரத்துண்டின் இரண்டு வெட்டுமுகங்களையும் பார்த்து, வெளிறை விலக்கி வைரத்தின் மேல் சுண்ணக்கட்டியால் கோடு போடச் சொல்லிவிட்டுத்தான் திரும்பினேன்.