ஹெல்தியர் எஸ்ஜி: மாத்திரை அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு கிளினிக்கைத் தேர்ந்தெடுங்கள்

சிங்கப்பூரில் 2023 ஜூலையில் தொடங்கிய ஹெல்தியர் எஸ்ஜி, ஆளுக்கொரு கிளினிக்கில் பதிந்து அங்குள்ள குடும்ப மருத்துவரிடமே தொடர்ந்து பார்க்கும் அரசுத் திட்டம். அதை இலவசப் பரிசோதனைத் திட்டம் என்றே பலர் நினைக்கிறார்கள். உண்மையில் மாறியிருப்பது மருத்துவருக்குப் பணம் போகும் வழி. முன்பு ஆள் வந்தால்தான் மருத்துவருக்கு வரும்படி. இப்போது அதோடு, தம்மிடம் பதிந்திருப்பவரின் நோய்நிலை, செய்த கவனிப்பு ஆகியவற்றைப் பொறுத்து ஆண்டுதோறும் அரசு சேவைக் கட்டணம் தருகிறது. அரசு மருத்துவமனைகளை நடத்தும் மூன்று சுகாதாரக் குழுமங்களுக்கும் தலைக்கு இவ்வளவு என்றுதான் நிதி. ஆள் படுத்தால் செலவு அவர்கள் தலையில்.

40 வயதும் அதற்கு மேலும் ஆன குடிமக்களும் நிரந்தரவாசிகளும் ஹெல்த்ஹப் செயலியில் சிங்பாஸ் (அரசின் மின்னடையாளம்) மூலம் பதியலாம். கேள்விப் படிவத்தை நிரப்பிவிட்டு முதல் சந்திப்புக்குப் போக வேண்டும். அது இலவசம், 20 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) பெறுமான புள்ளிகளும் உண்டு. ஆனால் “அப்படியே இருமலுக்கும் மருந்து கொடுங்க டாக்டர்” என்றால் அதற்குத் தனி பில்.

நீரிழிவு, ரத்த அழுத்தம், கொழுப்பு இருப்பவர்கள் கவனிக்க வேண்டியது, 2024 பிப்ரவரியில் வந்த நாட்பட்ட நோய் மானியப் பிரிவு. தனியார் கிளினிக்குகளில் அரசு தரும் பழைய சாஸ் (CHAS) மானியத்துக்கு ஒரு வருகைக்கு இவ்வளவு, ஆண்டுக்கு இவ்வளவு என்று வெள்ளிக்கணக்கில் உச்சவரம்பு உண்டு. மாதாமாதம் மருந்துச் செலவு அதிகமானால் ஆண்டு முடியும் முன்பே அது தீர்ந்துவிடும். புதிய பிரிவிலோ அரசின் பட்டியலில் உள்ள மருந்துகளுக்கு விழுக்காட்டுக் கணக்கில் மானியம், முன்னோடித் தலைமுறையினருக்கு (1949 அல்லது அதற்கு முன் பிறந்த மூத்த குடிமக்கள்) 87.5 விழுக்காடு வரை. மருந்தின் விலைக்கும் வரம்பு இருப்பதால் பலதுறை மருந்தக (அரசு பாலிகிளினிக்) விலைக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது. பதிந்த கிளினிக்கில் நாட்பட்ட நோய்க்கு மெடிசேவைப் (கட்டாய மருத்துவச் சேமிப்புக் கணக்கு) பயன்படுத்தும்போது, முன்பு கையிலிருந்து கட்டிய 15 விழுக்காடும் இல்லை.

இடிப்பது இரண்டு இடத்தில். பட்டியலில் இல்லாத மருந்துக்கு இந்த மானியம் கிடையாது. வருடக்கணக்காக ஒரே பிராண்டை விழுங்கி வருபவர் மாற்ற மனமில்லாமல் முழு விலை கொடுப்பார். அடுத்தது, மருத்துவர் கட்டணத்துக்கு வரம்பே வைக்கவில்லை. மருந்தில் மிச்சம் பிடித்ததை ஆலோசனைக் கட்டணத்தில் விட்டுவிட வாய்ப்புண்டு. திட்டத்தின் பெரிய ஓட்டை இதுதான்.

ஆகவே பதியும் முன் கிளினிக்குக்கு ஒரு போன் போடுங்கள். மாத்திரை அட்டையின் பின்பக்கம் பொடி எழுத்தில் அம்லோடிபின், மெட்ஃபார்மின் என்று வேதிப்பெயர் இருக்கும். அதைப் படித்துச் சொல்லி, பட்டியலில் இருக்கிறதா, கையிருப்பு உண்டா, நாட்பட்ட நோய்க்கு வந்தால் மருத்துவர் கட்டணம் எவ்வளவு என்று கேளுங்கள். மழுப்பினால் அடுத்த கிளினிக்.